மாதோட்டத்து மண்ணை மீண்டும் வாசித்தல்

போரினால் இடைநின்ற ஓர் அகழ்வாராய்ச்சியும் பழைய படங்களுக்குக் கிடைத்த புதிய கண்ணும்

ரொறன்ரோவில் புளோர் வீதியோரம் அமைந்துள்ள றோயல் ஒன்ராறியோ நூதனசாலைக்கு எமது பிள்ளைகள் பாடசாலைச் சுற்றுலாவாக ஒரு தடவையேனும் போய்வருகின்றனர். வீடு திரும்பியதும் அவர்கள் முதலிற் சொல்வது இரண்டு விடயங்கள்: ஒன்று டைனோசர் எலும்பு; மற்றையது எகிப்திய மம்மி. பிள்ளைகள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நாம் எமது வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆனால் அந்த நூதனசாலையின் சேகரிப்பைச் சேர்ந்த இரு மம்மிகளின் கதையை நாமும் ஒரு தடவை இருந்து கேட்பது நல்லது. அது எகிப்தின் கதை மட்டுமன்று. எமது மண்ணின் கதைக்கும் அது ஒரு திறவுகோல்.

முதலாமவன் நக்த் என்னும் நெசவாளச் சிறுவன். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் எகிப்தின் தீப்ஸ் நகரில் வாழ்ந்து பதின்ம வயதிலேயே இறந்தவன். 1974ஆம் ஆண்டு ரொறன்ரோவில் மருத்துவர்கள் அவனது உடலைச் சுற்றியிருந்த துணிகளை அகற்றி, உடலைத் திறந்து பரிசோதித்தனர். அவன் உடலில் ஒட்டுண்ணிப் புழுக்களின் முட்டைகள் கூடக் கண்டுபிடிக்கப்பட்டன. அறிவுலகம் பெருநன்மை பெற்றது. ஆயினும், ஒருமுறை திறந்த உடலை மறுபடியும் திறக்காத உடலாக்க எவராலும் இயலாது.

இரண்டாமவள் ஜெட்மாத்தெசாங் என்னும் பெண். அவளும் தீப்ஸ் நகரத்தவளே. ஏறத்தாழ 2,850 ஆண்டுகளுக்கு முன்னர் வாழ்ந்தவள். வண்ண ஓவியங்கள் தீட்டப்பெற்ற அவளது உறை இன்றுவரை திறக்கப்படவில்லை. 1977ஆம் ஆண்டு அவளை உறையோடு ரொறன்ரோவில் சி.ரி. ஸ்கான் இயந்திரத்தில் வைத்துப் படம் எடுத்தனர். ஒரு மம்மியின் உடல் முழுவதும் அவ்வாறு படமாக்கப்பட்டமை உலகிலேயே அதுவே முதன்முறை என்பர். 1990களில் மேலும் திறன்வாய்ந்த இயந்திரத்தில் மறுபடியும் படமெடுத்தபோது, அவளது மேல்தாடையில் இருந்த பெரிய சீழ்க்கட்டி தெளிவாகத் தெரிந்தது. பல்நோயே அவளது உயிரைக் குடித்திருக்கக்கூடும் என்று ஆய்வாளர் கருதினர். உறையில் ஒரு நூல்கூட அறுபடவில்லை. நாளை இதனினும் சிறந்த இயந்திரம் வந்தால் இன்னொரு தடவையும் அவளைப் பார்க்கலாம்.

திறந்து பார்த்த அறிவுக்கும் படமெடுத்துப் பார்த்த அறிவுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னையது ஒரு தடவையோடு முடிந்துவிடுகிறது. பின்னையது மீண்டும் மீண்டும் வாசிக்க இடம் தருகிறது. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டு நாம் மன்னாருக்குப் போவோம்.

ஒரு தடவை மட்டுமே வாசிக்கக்கூடிய ஏடு

அகழ்வாராய்ச்சி என்பது புதையல் தேடுவதன்று. மண் அடுக்கடுக்காகப் படிந்திருக்கிறது. மேலடுக்கில் இருப்பது பிந்திய காலத்தது. கீழடுக்கில் இருப்பது முந்தியது. ஓர் ஓட்டுத்துண்டு எந்த அடுக்கிற் கிடந்தது, அதனருகே என்ன கிடந்தது, அதன்மேல் எந்தச் சுவர் எழுந்தது என்பவற்றை அறிந்தாலன்றி அந்த ஓட்டுத்துண்டு வெறும் ஓட்டுத்துண்டே. ஆகவே அகழ்பவர் ஒவ்வோர் அடுக்கையும் அளந்து, வரைந்து, படம் பிடித்து, குறிப்பெழுதிய பின்னரே அதனை அகற்றுகின்றார். அகற்றிய அடுக்கு அத்துடன் அழிந்துபோகிறது.

எமது முன்னோரின் பழைய பனையோலைச் சுவடிகளை அவிழ்த்தவர்களுக்கு இது விளங்கும். உக்கிப்போன ஓலையை ஒருதடவை புரட்டலாம். புரட்டும்போதே அது கையில் நொறுங்கிவிடும். புரட்டியவர் படித்ததைப் பிரதியெடுத்து வைத்திருந்தால் ஏடு பிழைத்தது. இல்லையேல் ஏடும் இல்லை, எழுத்தும் இல்லை. அகழ்வுக்குழியும் இத்தகையதே. குழி மூடப்பட்ட பின்னர் எஞ்சுவன களக்குறிப்பேடுகள், வரைபடங்கள், நெகற்றிவ்கள், ஸ்லைட்டுகள், பெட்டிகளில் இடப்பட்ட பொருட்கள் ஆகியனவே. அவையே அந்த இடம். அவற்றை இழந்தால் அந்த இடத்தை இரண்டாம் முறை இழக்கிறோம்.

மாந்தையில் நடந்தது

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலப்பரப்பின் கரையில், திருக்கேதீச்சரம் இருக்கிறது. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். சிவராத்திரியன்று பாலாவியில் நீர் மொண்டு இலிங்கத்துக்கு வார்த்த கைகள் இன்று ஸ்காபரோவிலும் மிசிசாகாவிலும் இருக்கின்றன. அக்கோயில் நிற்கும் நிலம் சாதாரண நிலமன்று. குதிரைலாட வடிவில் வளைந்த பெரிய மண்மேடு. அதனைச் சுற்றி அகழிகள். அதுவே மாந்தை எனவும் மாதோட்டம் எனவும் தமிழர் வழங்கிய பண்டைத் துறைமுக நகர். பாளி நூல்கள் அதனை மகாதித்த என்றன. சோழராட்சிக் காலத்தில் அது இராசராசபுரம் என்ற பெயரையும் பெற்றது. அருவியாற்றின் வழியே அநுராதபுரத்துக்கும், கடல் வழியே தமிழகம், அரபுநாடு, பாரசீகம், சீனம் ஆகியவற்றுக்கும் அது வாசலாக விளங்கியது. போர்த்துக்கேயர் காலத்திற் கோயில் இடிக்கப்பட்டு, அதன் கற்கள் மன்னார்க் கோட்டை முதலிய கட்டடங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

இம்மேட்டை ஆராய்ந்தவர்கள் பலர். 1880களில் மன்னாரில் பதவி வகித்த ஆங்கிலேய அதிகாரியான போக் முதலில் தோண்டினார். 1920களில் தொல்பொருள் ஆணையாளர் ஹோக்கார்ட் தோண்டினார். 1950களின் தொடக்கத்திற் சண்முகநாதன் அகழ்ந்தார். ஆயினும் விரிவான முறையில் நடந்த அகழ்வு 1980ஆம் ஆண்டிலேயே ஆரம்பமாயிற்று. அமெரிக்காவின் சிக்காகோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் கார்ஸ்வெல் இலங்கைத் தொல்பொருள் திணைக்களத்துடன் இணைந்து அதனை நடத்தினார். சீனத்து மெருகிட்ட பாண்டங்கள், மேற்காசியாவின் நீலப்பச்சை மெருகுப் பாண்டங்கள், தமிழகத்துறைமுகங்களிற் கிடைப்பவற்றையொத்த மட்பாண்டங்கள், கண்ணாடி மணிகள், சங்கு வேலைப்பாட்டுக் கழிவுகள் எல்லாம் அடுக்கடுக்காக வெளிவந்தன. அடிமட்டத்திலே, துறைமுகம் தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னர் அங்கு வேட்டையாடி வாழ்ந்த மக்களின் சிறிய கற்கருவிகளும் கிடைத்தன.

1983ஆம் ஆண்டு ஆடியில் என்ன நடந்தது என்பதை இப்பத்திரிகையின் வாசகர்களுக்கு நாம் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை. 1984ஆம் ஆண்டுடன் மாந்தை அகழ்வு நின்றுபோயிற்று. அகழ்ந்தவர்கள் தமது நாடுகளுக்குத் திரும்பினர். அதே மன்னார்க் கரையிலிருந்து எமது மக்கள் இரவோடிரவாக வள்ளங்களில் ஏறி இராமேசுவரத்தை நோக்கிப் போயினர். மண்ணை ஆராய்ந்தவர்களும் மண்ணிற் பிறந்தவர்களும் ஒரே காலத்தில் அவ்விடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அதன்பின் கோயிற் சூழல் நீண்டகாலம் இராணுவக் கட்டுப்பாட்டில் இருந்தது. தோண்டிய குழிகளை எவரும் திரும்பிப் பார்க்க முடியவில்லை.

அந்த அகழ்வின் முழு அறிக்கை, "மாந்தை: கடலோர நகர்" என்று பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் நூலாக வெளிவந்தது எப்போது தெரியுமா? 2013இல். கார்ஸ்வெல், சிறான் தெரணியகல, அலன் கிரகாம் ஆகியோர் அதனை வெளியிட்டனர். குழி மூடி ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்குப் பின்னர்! இடைப்பட்ட காலத்தில் அந்த நகரம் வாழ்ந்தது மண்ணில் அன்று. எஞ்சிய வரைபடங்களிலும் குறிப்புகளிலும் நிழற்படங்களிலுமே வாழ்ந்தது. அவை இல்லையேல் நான்கு பருவங்களின் உழைப்பும் நாலாயிரம் மைல் கடந்துபோன ஒரு கதையாகவே முடிந்திருக்கும்.

போர் முடிந்த பின்னர், 2009–2010இல் ஆய்வாளர்கள் மீண்டும் மாந்தையில் இறங்கினர். இம்முறை மண்ணை நீரில் அலசிக் கருகிய தானியங்களையும் விதைகளையும் பிரித்தெடுத்தனர். நெல், கோதுமை, மிளகு ஆகியவற்றோடு ஒரு கராம்பும் கிடைத்தது. கராம்பு அக்காலத்தில் இன்றைய இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டுமே விளைந்தது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தில் எவரோ அதனை அத்தனை தூரம் கொண்டுவந்து எமது கரையில் இறக்கியிருக்கிறார். மிகச் சிறிய சான்று. அது சொல்லும் செய்தியோ பெரிது. இத்தகைய புதிய சான்றுகளைப் பழைய குழிகளின் அடுக்குகளோடு பொருத்திப் பார்க்கவேண்டுமாயின், பழைய பதிவுகள் எமக்குத் தெளிவாக வேண்டும்.

பழைய படம் எவ்வாறு புதிதாகப் பேசுகிறது?

இங்கேதான் எண்ணிமப் படமாக்கல் என்னும் புதிய கலை உதவிக்கு வருகிறது. டிஜிட்டல் என்று பிள்ளைகள் சொல்வது இதனையே. பெயரைக் கேட்டு மலைக்க வேண்டியதில்லை. படத்தைப் பல இலட்சம் சிறு புள்ளிகளாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியின் ஒளியையும் நிறத்தையும் எண்களாக எழுதிவைப்பதே இதன் அடிப்படை. கடதாசி மங்கும், எண் மங்காது. நூறு பிரதிகள் எடுத்தாலும் நூறாவது பிரதி முதலாவதைப் போலவே இருக்கும்.

இதனால் விளையும் முதற்பயன் பாதுகாப்பு. பழைய பிலிம் சுருள்கள் வெப்பத்திலும் ஈரத்திலும் மெல்லமெல்லச் சிதைகின்றன. அவ்வாறு சிதையும்போது வினாகிரி மணம் வீசுவது பெட்டியைத் திறந்தவர்களுக்குத் தெரியும். நிற ஸ்லைட்டுகள் பல, காலப்போக்கில் நீலத்தையோ பச்சையையோ இழந்து செந்நிறமாகின்றன. மண்ணடுக்குகளை நிறத்தாற் பிரித்தறியும் ஆய்வாளருக்கு இது பேரிழப்பு. நல்ல கருவியில் நகலெடுத்தால் மேலும் மங்காது காக்கலாம். இழந்த நிறத்தைக் கணனியில் ஓரளவு ஈடுசெய்யவும் இயலும்.

இரண்டாவது பயன் மறுவாசிப்பு. அகழ்வு நடந்தபோது படம்பிடித்தவர் ஒரு சுவரைக் காட்டவே பிடித்திருப்பார். ஆனால் கமராவுக்கு விருப்புவெறுப்பு இல்லை. சுவரின் பின்னால் இருந்த சாம்பல் அடுக்கையும் அது சேர்த்தே பதிந்துகொண்டது. அன்று எவரும் கவனியாத அந்த அடுக்கை இன்று படத்தைப் பெருப்பித்துப் பார்க்கும் இளம் ஆய்வாளர் கவனிக்கக்கூடும். ஒரே குழியைப் பல கோணங்களிலிருந்து எடுத்த படங்கள் போதிய அளவு இருக்குமாயின், அவற்றில் பொதுவாகத் தெரியும் புள்ளிகளைக் கணனி ஒப்பிட்டு, மூடப்பட்ட குழியின் நீள அகல ஆழத்தை மீண்டும் உருவமைத்துக் காட்டவும் வல்லது. படம் எடுத்தவர் இறந்திருக்கலாம், குழி இல்லாதிருக்கலாம், படங்கள் இருந்தாற் போதும்.

இதற்கு முன்மாதிரி எமது பக்கத்திலேயே உண்டு. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவிற் பெரும்பகுதி 1920களிலும் 1930களிலும் வேகவேகமாகத் தோண்டப்பட்டது. 1979ஆம் ஆண்டு முதல் ஜேர்மனியின் ஆகன் நகரத்து ஆய்வாளர்கள், மிக்கேல் ஜான்சனின் தலைமையில், புதிதாகத் தோண்டாமலே அந்நகரை ஆராய்ந்தனர். எஞ்சிநின்ற சுவர்களை அளந்து, மேலே பலூனிற் கமராவை அனுப்பிப் படமெடுத்து, பழைய களப்பதிவேடுகளையும் நிழற்படங்களையும் தேடிச் சேர்த்து, எந்தப் பொருள் எந்த அறையிற் கிடந்தது என்பதை மீண்டும் நிறுவ முயன்றனர். மண்வெட்டி எடுக்காத அகழ்வாராய்ச்சி என்று அதனைச் சொல்லலாம்.

மூன்றாவது பயன், கண்ணாற் காணமுடியாததைக் காட்டுதல். ஆனைக்கோட்டை முத்திரையை எடுத்துக்கொள்வோம். 1980ஆம் ஆண்டளவில் பேராசிரியர் கா. இந்திரபாலா தலைமையிலான யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழுவினர் ஆனைக்கோட்டையில் அகழ்ந்த பெருங்கற்கால ஈமக்குழியிலிருந்து அது கிடைத்தது. பிராமி எழுத்துகளும் குறியீடுகளும் ஒருங்கே பொறிக்கப்பட்ட சிறிய பொருள். எம்மிற் பெரும்பாலோர் அதனை நேரிற் கண்டதில்லை. பத்திரிகையிலும் நூலிலும் வந்த கறுப்புவெள்ளைப் படமாகவே அறிவோம். ஒரே திசையிலிருந்து வந்த ஒளியில் எடுத்த படத்திற் சில கீறல்கள் நிழலில் மறையும். சில கீறல்கள் இல்லாதவிடத்து இருப்பதுபோலத் தோன்றும். எழுத்தா, தேய்வா என்ற வாதங்கள் உலகெங்கும் இத்தகைய படங்களிலேதான் பிறக்கின்றன.

2001ஆம் ஆண்டில் ரொம் மால்ஸ்பெண்டர் என்பவர் அமெரிக்காவிலுள்ள ஹியூலட் பக்காட் ஆய்வுகூடத்தில் ஒரு வழியைக் கண்டார். கமராவை அசையாது நிறுத்தி, விளக்கை மட்டும் பல திசைகளுக்கு மாற்றிப் பல படங்கள் எடுக்கவேண்டும். கணனி அவற்றை ஒன்றாக்கிவிடும். பின்னர் திரைக்கு முன் இருப்பவர் தாம் விரும்பிய திசையிலிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கலாம். இரவில் குப்பிவிளக்கைச் சரித்துப் பிடித்து மரத்திற் செதுக்கிய பெயரைப் படித்தவர்களுக்கு இதன் தத்துவம் புதிதன்று. 2005ஆம் ஆண்டில் கிரேக்கத்தின் கடலடியிலிருந்து ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் மீட்கப்பட்ட அன்ரிகித்தெராப் பொறியை இம்முறையாலும் சி.ரி. ஸ்கான் முறையாலும் பரிசோதித்தபோது, முன்னர் படிக்க இயலாதிருந்த எழுத்துகள் பல தெரியவந்தன. எமது முத்திரைகளுக்கும் ஓட்டுக் கீறல்களுக்கும் நடுகற்களுக்கும் இவ்வழி பெரிதும் பொருந்தும்.

வானத்திலிருந்து எடுத்த பழைய படங்களும் உண்டு. அமெரிக்க உளவுச் செய்மதிகள் 1960 முதல் 1972 வரை உலகின் பெரும்பகுதியைப் படம்பிடித்தன. கொறோனா என்பது அத்திட்டத்தின் பெயர். இரகசியமாக இருந்த எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் 1995இற் பொதுமக்கள் பார்வைக்கு விடப்பட்டன. பகைவரின் ஏவுகணைகளைத் தேடி எடுத்த படங்களில், பின்னாளில் அழிந்துபோன பழைய மேடுகளையும் வாய்க்கால்களையும் இன்று தொல்லியலாளர் தேடுகின்றனர். போருக்காக எடுக்கப்பட்டது வரலாற்றுக்கு உதவுகிறது. காலத்தின் விந்தை இது.

பெயரிழந்த பெட்டி

பழைய பதிவுகளை ஒன்றுசேர்ப்பதனால் என்ன விளையும் என்பதற்கு ஈராக்கின் ஊர் நகரம் நல்ல சான்று. 1922 முதல் 1934 வரை லெனார்ட் வுல்லி அந்நகரை அகழ்ந்தார். கிடைத்த பொருட்கள் பக்தாத், இலண்டன், அமெரிக்காவின் பிலடெல்பியா ஆகிய மூன்று நகரங்களுக்குப் பிரிந்து போயின. ஒரே கல்லறையிற் கிடந்தவை மூன்று நாடுகளுக்குச் சிதறின. ஒரே வீட்டிற் பிறந்து இன்று பாரிஸிலும் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் வாழும் எமது சகோதரரைப் போல. 2003ஆம் ஆண்டு ஏப்ரலில் பக்தாத் நூதனசாலை சூறையாடப்பட்டபோது சிதறல் மேலும் பெரிதாயிற்று.

2013ஆம் ஆண்டளவில் பிரித்தானிய நூதனசாலையும் பிலடெல்பியாவிலுள்ள பென் நூதனசாலையும் ஊர் அகழ்வின் குறிப்புகள், அட்டைகள், நிழற்படங்கள் எல்லாவற்றையும் எண்ணிம வடிவில் ஒன்றுசேர்க்கத் தொடங்கின. பிலடெல்பியாவின் நிலவறையில் நெடுங்காலமாக ஒரு பெட்டி கிடந்தது. உள்ளே ஒரு முழு மனித எலும்புக்கூடு. பெட்டியில் அட்டை இல்லை, இலக்கம் இல்லை. எங்கிருந்து வந்தது என்று எவருக்கும் தெரியாது. எண்ணிமப்படுத்திய பழைய பட்டியல்களையும் படங்களையும் ஒப்பிட்டபோது, 1929–30ஆம் பருவத்தில் வுல்லி மிக ஆழத்திலிருந்து எடுத்து, மெழுகு பூசிக் காத்து அனுப்பிய எலும்புக்கூடு அதுவே என்பது 2014இல் வெளியாயிற்று. அதன் வயது ஏறத்தாழ 6,500 ஆண்டுகள்.

இக்கதையிற் சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. அந்த எலும்புக்கூடு ஒருபோதும் காணாமற்போகவில்லை. கூரையின்கீழ் பத்திரமாகவே இருந்தது. காணாமற்போனது அதன் அட்டை. அட்டையை இழந்ததும் அது யாருமற்றதாயிற்று. ஊர், பெயர், பிறந்த திகதி ஆகியவற்றைக் குறித்த கடதாசி இல்லாமல் குடிவரவு அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்ற எம்மவருக்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

மூன்று எச்சரிக்கைகள்

புதிய கருவியைப் போற்றுவதோடு நிறுத்திவிடுவது நேர்மையாகாது. முதலாவது எச்சரிக்கை, படம் பொருளுக்கு ஈடாகாது என்பது. கருகிய நெல்லின் வயதைப் படத்திலிருந்து கணிக்க முடியாது. அதற்கு நெல்மணியே வேண்டும். படமெடுத்தாயிற்று என்று பெட்டியைக் கைவிடுவது, பிரதியெடுத்தாயிற்று என்று ஏட்டை அடுப்பிலிடுவதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, எண் மங்காது என்றோம். ஆனால் எண்ணைத் தாங்கும் தட்டு பழுதாகும். எமது வீடுகளில் வீ.எச்.எஸ். நாடாவிற் கிடக்கும் திருமண வீடியோக்களை இன்று ஓட்டிப் பார்க்கக் கருவி எங்கே? நெகிழ்தட்டுகளைப் படிக்கக் கணனி எங்கே? எண்ணிமப் பதிவுகளை ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைக்கவேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதிய தட்டுக்கு மாற்றவேண்டும். கோயிலின் தூண்டாமணி விளக்கும் தானாக எரிவதில்லை. எண்ணெய் வார்ப்பவர் ஒருவர் வேண்டும்.

மூன்றாவது எச்சரிக்கை எமது மனத்தைப் பற்றியது. ஈழத்தின் தொல்லியல் வெறும் கல்வி விடயமாக ஒருநாளும் இருந்ததில்லை. நிலம் யாருடையது என்ற வழக்கில் ஒவ்வோர் ஓட்டுத்துண்டும் சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. எம்மைத் துரத்தியவர்கள் வரலாற்றைத் தமக்கேற்ப வாசித்தனர் என்று நாம் குறைகூறுகிறோம். அக்குறையைக் கூறும் நாம் அதே வழியிற் போகலாமா? மாந்தையின் மண் எமது தேவாரத்துக்குச் சான்று நிற்கிறது. அது பௌத்த யாத்திரிகருக்கும், அரபு வணிகருக்கும், பாரசீகக் கிறிஸ்தவருக்கும் இடங்கொடுத்தது. பலரையும் வரவேற்றதனாலேயே அது பெருந்துறையாயிற்று. சான்றுகளை எல்லோரும் பார்க்கத்தக்கதாக வெளியில் வைப்பதே எமக்கு வலிமை. நல்ல படம் எமது வாதத்துக்கு உதவுவதுபோல எமது தவற்றையும் காட்டும். இரண்டையும் ஏற்கும் துணிவு வேண்டும்.

எமது வீட்டுப் பெட்டிகள்

இவையெல்லாம் பெரிய நூதனசாலைகளின் வேலை, எமக்கென்ன என்று வாசகர் கேட்கலாம். 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் பிரதி இல்லாதவை அவற்றுள் பல. பிரதி இல்லாத செல்வம் ஒரே இரவில் ஒழியும் என்பதை எம்மைவிட அறிந்தவர் யார்? அந்த அறிவிலிருந்தே 2005இல் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் தோன்றியது. ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் தன்னார்வலர்கள் பக்கம்பக்கமாகப் படமாக்கி எவரும் இலவசமாகப் படிக்கும்படி வைத்துள்ளனர். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகமும் தமிழ் ஆவணங்களை எண்ணிம வடிவிற் பேணும் பணியில் ஈடுபட்டுள்ளது. எமது வீடுகளிலிருந்து பஸ் ஏறிப் போகும் தூரத்திலேயே அது இருக்கிறது.

ஆனால் எந்தப் பல்கலைக்கழகத்திடமும் இல்லாத ஒன்று எமது கட்டிலுக்கு அடியிலுள்ள பெட்டிகளில் இருக்கிறது. 1970களில் திருக்கேதீச்சரத்துச் சிவராத்திரிக்குப் போன குடும்பம் பாலாவிக் கரையில் நின்று எடுத்த படம். படத்தின் நடுவில் அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும். அவர்களுக்குப் பின்னால், எவரும் கவனியாத மூலையில், பங்கருக்கும் கண்ணிவெடிக்கும் முந்திய மாந்தை மேடு, அதன் பழைய சரிவோடும் மரங்களோடும். கந்தரோடைக்குச் சுற்றுலா போன மாணவர் எடுத்த படத்திலும், நெடுந்தீவுக் கோட்டைச் சுவரில் சாய்ந்து நின்ற இளைஞரின் படத்திலும் இவ்வாறே. நாம் முகங்களுக்காக வைத்திருக்கும் படங்களின் பின்புறத்தில் ஒரு நாடு நிற்கிறது.

காவலரணைத் தாண்டுமுன் அச்சத்தாற் படங்களைக் கிழித்தவர்களும், கிணற்றடியிற் புதைத்தவர்களும், இடம்பெயர்ந்த வழியில் பறிகொடுத்தவர்களும் எம்மிடையே பலர். ஆகவே தப்பிவந்தது சொற்பம். சொற்பமானதே அருமையானது.

எனவே வாசகர்களிடம் நாம் கேட்பது பெரிய காரியமன்று. வரும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெட்டியை எடுங்கள். மூத்தவர்களை அருகில் இருத்துங்கள். ஒவ்வொரு படத்தின் பின்புறத்திலும் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், இடம், ஆண்டு, நிற்பவர்கள், எடுத்தவர் ஆகிய விபரங்களை எழுதுங்கள். ஆண்டு சரியாகத் தெரியாவிட்டால் "தம்பி பிறந்த வருடம்", "புயலுக்கு அடுத்த மாசி" என்றாவது குறியுங்கள். பின்னர் பிள்ளைகளிடம் கொடுத்து முழுப்படத்தையும், ஓரங்களை வெட்டாமல், நல்ல தெளிவில் ஸ்கான் செய்விக்கச் சொல்லுங்கள். பின்புற எழுத்தையும் சேர்த்து. ஒரு பிரதி வீட்டிலும், மற்றொன்று வேறு நகரிலுள்ள உறவினரிடமும், விரும்பினால் இன்னொன்று பொது ஆவணக் காப்பகத்திலும் இருக்கட்டும். மூலப்படத்தை எறிந்துவிடாதீர்கள். அதனை ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். ரொறன்ரோவின் நிலவறைகளில் ஈரம் அதிகம்.

பிலடெல்பியாவின் நிலவறையிற் கிடந்தவனுக்கு அவனது ஊர் திரும்பக் கிடைத்தது, எவரோ ஒருவர் எண்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னர் ஓர் அட்டையிற் பொறுமையாகக் குறிப்பெழுதி வைத்ததனாலேயே. மாந்தையின் கதை எமக்குத் திரும்பக் கிடைத்ததும் அத்தகைய குறிப்புகளாலேயே. படத்தைக் கணனி காக்கும். படத்தில் இருப்பது யார், எந்த ஊர் என்று கணனிக்குத் தெரியாது. அதனைச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் எம்மிடையே இருக்கின்றனர். ஒவ்வொரு பனிக்காலமும் அவர்களிற் சிலர் குறைந்துபோகின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.